கப்பல் கம்பெனி கொடுத்த அறை

கல்யாணமான கையோடு கப்பல் பயணம்; மாமியாரும் கூடவே. "எந்த அறையானாலும் சரி, நீங்களே ஒதுக்குங்க" என்று புது மருமகள் கப்பல் கம்பெனியிடம் விட்டதே, மாமியாருக்கு எங்காவது தூரத்து மூலையில் அறை விழட்டும் என்றுதான். வந்து பார்த்தால் அவர் பக்கத்து அறையில்!

'கிழவி யாரையோ பிடிச்சு மாத்தியிருக்கு' என்று கறுவியபடி ரிசப்ஷனுக்குப் போனால், அங்கே மாமியாரின் குரல்.

"என்னைத் தூரமாப் போடுங்க தம்பி. வேவு பார்க்கணும்னு மருமகதான் பக்கத்துல போடச் சொல்லியிருப்பா."

"ஐயோ அத்தை, நானில்ல!"

ஊழியர் நெளிந்தார். "நாங்க தூரமாத்தான் போட்டோம். உங்க பையன்தாம்மா கெஞ்சி மாத்திக்கிட்டார். ராத்திரி அம்மா பக்கத்துல இல்லன்னா பயமா இருக்காம்."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அறையாக் கொடுங்க தம்பி," என்றார் மாமியார். "முதல்ல அவன் தனியாப் படுத்துப் பழகட்டும்."