இன்று பூட்டின் முறை

“கிளிகூடத்தான் பேசும் டீச்சர். அதுக்காக அதுக்குப் பாஷை தெரியும்னு சொல்லிட முடியுமா?”

தாளாளர் இப்படிக் கேட்டுவிட்டு, மழலையர் வகுப்பின் குட்டி நாற்காலியில் உட்காரப் பார்த்தார். அது தன்னைத் தாங்காது என்று தோன்றியதும் சுவரில் சாய்ந்துகொண்டார். ஸ்பானிஷ் வகுப்பை மூடிவிட்டு, அறையை அபாகஸ் என்னும் மணிச்சட்டக் கணக்குக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். ஐந்து வயசுக்கு எதற்கு இன்னொரு பாஷை என்று அவர் கேட்பார். ஐந்து வயசில்தான் தப்பாகப் பேச வெட்கம் வராது என்று டீச்சர் சொல்வாள். வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று.

அன்றைக்குத் தாளாளர் ஒரு முடிவோடு வந்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை என் மச்சானைக் கூட்டிட்டு வரேன். கப்பல்ல சமையல்காரனா இருந்தவன். ஸ்பானிஷ்காரங்க ஊர்லயே வருஷக்கணக்கா குப்பை கொட்டினவன். வகுப்பு வேணுமா வேணாமான்னு அவன் சொல்லட்டும்.”

“தாராளமா வரட்டும் சார். ஆனா பாட்டு ஒப்பிக்கிறதெல்லாம் கிடையாது. கடைக்கு வர்றவர் மாதிரி வந்து பிள்ளைங்ககிட்ட பேசட்டும்.”

டீச்சருக்குத் தன் பிள்ளைகள் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த அறைக்கு இரண்டே சட்டங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுப் பேச்சையும் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே யாராவது வார்த்தை வராமல் திணறினால் சிரிக்கக் கூடாது, கைகொடுக்க வேண்டும்.

எத்தனை பேர் கைகொடுத்தும் கரையேறாதவள் ஒருத்தி இருந்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. எல்லாவற்றையும் கண்ணகலப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலையாட்டுவாள். பள்ளி திறந்ததிலிருந்து ஒரு ஸ்பானிஷ் சொல்கூட அவள் வாயிலிருந்து வெளியே விழுந்ததில்லை. டீச்சரின் நம்பிக்கையில் ஒரு ஓட்டை உண்டு என்றால் அது அவள்தான்.

விருந்தாளி வந்தால் ஒரு பிள்ளை கைபிடித்து அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். யாருடைய முறை என்பதைச் சுவரில் தொங்கும் படங்கள் சொல்லும். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், மேலே சிரித்துக்கொண்டிருந்தது பூட்டின் படம். மாற்றிவிடலாமா என்று டீச்சரின் கை ஒரு கணம் அதுவரைக்கும் போயிற்று. முறை என்றால் முறைதான் என்று இறக்கிக்கொண்டாள்.

மச்சான் மொடமொடவென்று சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியைத் தேடினார். அதற்குள் பூட்டு வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓலா!” என்று வகுப்பே கூவி வணக்கம் சொன்னது. அவரும் கணீரென்று “ஓலா!” என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் பேச்சுத்தான். பெயர் கேட்டார்கள், சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், நலம் என்றார். பொம்மைக் கடைக்குப் போய் ஒரு ஆப்பிள் வேண்டும் என்றார். சிவப்பா பச்சையா என்று கடைக்காரி இடுப்பில் கைவைத்துக் கேட்க, “ரோஹா” என்று சிவப்பைக் கேட்டு, நன்றியும் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அவர் பேசிய விதம் டீச்சருக்கே பிடித்துப்போயிற்று. நாலு கடல் தாண்டியவர் என்ற அலட்டல் துளி இல்லை. ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, பிள்ளைகளுக்குத் தக்கபடி பேசினார்.

குறை என்றால் ஒன்றுதான். பூட்டு அவரைச் சும்மா விடவில்லை. சட்டையைப் பிடித்து இழுப்பதும், குனிந்தவரின் காதைக் கடிப்பதுமாகவே இருந்தாள். வீட்டுப் பேச்சை வாசலில் கழற்றாமல் வந்துவிட்டாளே என்று டீச்சர் பதறினாள். தாளாளர் கண்ணிலும் அது தப்பவில்லை.

“அந்தப் பொண்ணு ஊர்க்கதை பூரா அவன் காதுல ஓதறா போலிருக்கே,” என்று சிரித்தார்.

சுற்றி முடித்து மச்சான் வாசலுக்கு வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அத்தான், இந்த வகுப்பை மூடினா பாவம் உங்களைச் சும்மா விடாது. எல்லாருமே கெட்டி. அதிலயும் என் கையைப் பிடிச்சிட்டு வந்தாளே, அவளை அடிச்சிக்க ஆளே இல்ல.”

“அவளா? அவ ஸ்பானிஷுக்கு வாயே திறக்கலையேப்பா.”

“திறக்க வேண்டிய இடத்துல திறந்தா அத்தான்.”

தாளாளர் கொடுத்த வாக்கை மீறுகிறவர் இல்லை. மணிச்சட்டத்தை மாடி அறைக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு, மச்சானைக் கூட்டிக்கொண்டு போனார்.

பள்ளி விட்டதும் பூட்டு வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு வாரைப் பூட்டிவிட்டாள். வகுப்பு பிழைத்தது சரி. ஆனால் இவளைக் கேட்காமல் விட மனசு வரவில்லை.

“ஏன்டா கண்ணு, உள்ள வீட்டுப் பேச்சு பேசக் கூடாதுல்ல? அந்த மாமா காதுல அவ்வளவு நேரம் என்ன பேசின?”

“வீட்டுப் பேச்சு இல்ல டீச்சர். ஸ்பானிஷ்தான்.” பூட்டு எழுந்து நின்று செருப்பைத் தட்டிப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல் டீச்சரின் காதருகே வந்தாள். “அவருக்கு ஓலா தவிர ஒண்ணுமே தெரியல டீச்சர், பாவம். சிரிக்காம நான்தான் எல்லாத்தையும் காதுல சொல்லிக் குடுத்தேன். நிறம்லாம் இன்னும் சரியா வரல, அடுத்த வெள்ளிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கேன்.”