படிகத்தின் தோல்

"கட்டுரையில உன் பேர் வரலம்மா. கைக்குழந்தையோட நீ எதுக்கு அலையணும்? உதயகுமார் பேரைப் போட்டுட்டேன்."

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்திருந்தார் பேராசிரியர் கலியாணசுந்தரம். தன் ஆய்வு மாணவி ஜெயப்ரியாவின் வீட்டில் உட்கார்ந்து, அவள் அப்பா நெய்த அரக்குப் புடவையின் முந்தானையைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார்.

ஜெயப்ரியாவுக்குக் காது கொதித்தது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் படிகங்களை வளர்த்தவள் அவள். உள்ளே மின்சாரம் ஓடாது, மேல்தோலில் மட்டும் ஓடும். கடுங்குளிரில் அந்தத் தோல் துளித் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துமா என்று பார்க்கத்தான், வயிற்றைத் தாங்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். அவள் அளந்தபோதெல்லாம் தடை போகவே இல்லை.

அவள் பிரசவத்துக்கு வந்த பிறகு அதே ஆய்வுக்கூடத்தின் இன்னொரு மாணவன் உதயகுமார் அளந்தானாம். தடை போய்விட்டதாம்.

கட்டுரையின் கடைசியில் அவளுக்கு நன்றி சொல்லியிருப்பதாகப் பேராசிரியர் பெருந்தன்மையோடு சொன்னார். செல்போனில் வரைபடத்தைக் காட்டினார். மெல்ல இறங்கிவந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்து பூஜ்யத்தில் படுத்திருந்தது. பக்கத்தில், கம்பிகள் ஒட்டிய படிகத்தின் படம்.

அவளுக்குப் புடவையை அவரிடமிருந்து பிடுங்கிவிடலாம் போலிருந்தது. அப்பாவோ, பெண்ணின் சார் என்பதற்காக லாபமே வைக்காமல் அதற்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு எந்தக் குளிரில் விழுகிறது என்று பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த நன்றியிலயும் என் பேர் வேணாம் சார். எடுத்துட்டு அனுப்பிடுங்க."

அவர் முகம் சுருங்கியது. கோபத்தில் பேசுகிறாள் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அங்கேயே உதயகுமாரைப் போனில் கூப்பிட்டு, அவள் பெயரை எடுத்துவிட்டுக் கட்டுரையை ஆய்விதழுக்கு உடனே அனுப்பச் சொன்னார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் அம்மா பிடித்துக்கொண்டாள். வீடு தேடி வந்த மனுஷரிடம் இப்படியா பேசுவது, எங்கேயோ ஒரு மூலையிலாவது பேர் இருந்திருக்குமே என்று ஆற்றாமையோடு திட்டினாள்.

ஜெயப்ரியா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். கோபம் இன்னும் அடங்கவில்லை.

படத்தில் கம்பிகளைப் படிகத்தோடு ஒட்டியிருந்தது இண்டியம் என்ற உலோகம். கோடு விழுந்த அதே குளிரில் தானாகவே தடையை இழந்துவிடும் உலோகம். அதனால்தான் அவள் எப்போதும் வெள்ளிப் பசையால் ஒட்டுவாள். உதயகுமாருக்கு அது தோன்றவில்லை. சார் கவனிக்கவே இல்லை.

தடையை இழந்தது அந்த உலோகம்தான். படிகத்தின் தோலில் எதுவுமே நடக்கவில்லை.

கட்டுரை இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். அதில் அவள் பெயர் எங்கும் இல்லை.