அழிக்கப்பட்ட கேள்விகள்

"மூணாவது தடவை கேக்குறீங்க, லோஜினி. குறிப்பை வாசிச்சிட்டு வாங்க. வாசிக்க ஏலாதவங்களுக்கு இங்க வேலை இல்ல."

பஹீம் இதைத் தனியாக எழுதவில்லை. தளத்துக்கு உதவுகிறவர்களின் இணையக் குழு முழுக்கப் பார்க்கத்தான் எழுதினான்.

அவனையும் குறை சொல்ல முடியாது. கண்டியைச் சுற்றி ஓடும் பஸ்களின் நேரம் காட்டும் இணையத்தளம் அவன் தொடங்கியது. அதன் நிரலை யாரும் இலவசமாக எடுக்கலாம், யாரும் திருத்தலாம். ஆனால் திருத்த வருகிறவர் முதலில் தளத்தின் ஒரு பிரதியைத் தன் கணினியில் ஓடவைக்க வேண்டும். எப்படி என்று குறிப்பு எழுதி வைத்தவனும் அவன்தான். இருந்தும் வருகிறவர்கள் எல்லாம் அண்ணன் முறை வைத்து "பஹீம் நானா, ஓடுதில்லையே" என்று அவன் தலையில்தான் வந்து விழுந்தார்கள். பகல் முழுக்க ஒபிஸ் வேலை, வீட்டுக்கு வந்தால் இது. மனுஷன் அலுத்துப் போயிருந்தான்.

புசல்லாவை ஊரிலிருந்து உதவ வந்த லோஜினிக்கு வைத்த சூடு நன்றாகவே வேலை செய்தது. அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் கேள்வி போட்டாலும், கொஞ்ச நேரத்தில் தாங்களே அதை அழித்துவிட்டுச் சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கினார்கள்.

"பாத்தியா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்றான் மனைவி றம்லத்திடம். அந்தப் பிள்ளைக்கு அப்படி எழுதியிருக்கத் தேவையில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பிட்டியவில் அவர்கள் குடியிருந்த வீட்டுக் கூரை ஒழுகி, பஹீமின் மடிக்கணினி நனைந்து செத்தது. மறுநாள் பாடசாலை தொடங்குகிறது, பஸ் நேரங்களும் மாறுகின்றன. தளத்தைத் திருத்தாவிட்டால் பிள்ளைகள் இல்லாத பஸ்ஸுக்கு மழையில் காத்து நிற்பார்கள். றம்லத்தின் கணினியை எடுத்து, தன் குறிப்பையே திறந்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி செய்தான்.

ஓடவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தான். அப்போதும் ஓடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது, பகல் சோறும் ஆறிப்போனது. கண் எரிந்தது. குறிப்பை எழுதினவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது.

குழுவில் கேட்கலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கடைசியில் திலக்ஷன் என்ற பொய்ப் பெயரில் குழுவுக்குள் நுழைந்து, தான் புதுசு என்றும், குறிப்பில் உள்ளபடி எல்லாம் செய்தும் ஓடவில்லை என்றும் எழுதினான். எழுதும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது.

குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. தனியாக ஒரு செய்தி வந்தது. லோஜினி.

"பயப்படாதீங்க தம்பி, பிழை உங்க மேல இல்ல. ஒரு செட்டிங்ஸ் ஃபைல் வேணும், அதக் குறிப்புல எழுதாம விட்டுட்டாங்க. நானே ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன், அனுப்புறேன்."

பழைய கணினியில் எப்போதோ செய்து வைத்து, அவன் மறந்தே போன ஃபைல் அது. போட்டவுடன் தளம் ஓடியது.

நன்றி சொல்வதற்குள் அடுத்த செய்தியும் வந்துவிட்டது.

"குழுவில போட்ட கேள்விய அழிச்சிருங்க தம்பி. புதுசா வர்ற எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன். பஹீம் நானா ஒத்த ஆளா கெடந்து மாயுறாரு. தன் குறிப்புலதான் பிழைன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருவாரு."