ஓசிச் சூடு

மூன்று குளிர்காலமாகக் கொத்தனார் வீட்டில் குளிர்காயக் கணப்பு மூட்டியதில்லை. அவர் மனைவி உருளைக்கிழங்கை அடுப்பில் ஒரு கொதி விட்டு, பானையைக் கம்பளியில் சுற்றிப் பொதுச்சுவரோரம் வைப்பாள். அது தானாக வெந்துவிடும். இருவரும் அதே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வார்கள்.

“பக்கத்து வீட்டுத் தையல்காரர் விறகா எரிச்சுத் தள்றாரு. சூடு நமக்கு ஓசி!” என்று சிரிப்பார் கொத்தனார்.

ஒருநாள் தையல்காரர் வீட்டைக் காலி செய்யத் தொடங்கினார். கொத்தனார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“போகாதீங்கண்ணே! விறகு வேணா நான் வாங்கித் தர்றேன்.”

“எந்த விறகு? உங்க வீட்டுச் சூடு இருக்கையில நாங்க ஏன் தம்பி கணப்பு மூட்டணும்?” என்றார் தையல்காரர். “இந்த மாதிரிச் சுவரு போற இடத்துல கிடைக்குமான்னு உங்க அண்ணி அழுதுக்கிட்டிருக்கா.”

கொத்தனார் உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கச் சுவரிலும் இரண்டு முதுகுத் தடங்கள் இருந்தன. நடுவே ஒரு பானைத் தடம்.