கோழி இல்லாத பண்ணை

பறவைக் காய்ச்சல் பீதி கிளம்பியதும், திருப்பூர் கறிக்கடை வீதியில் குடியிருந்த பனியன் கம்பெனி முதலாளி அந்தோணிராஜ், பல்லடம் பக்கத்தில் கந்தப்பன் புதிதாகத் தொடங்கிய ‘பண்ணைச் சுற்றுலா’வுக்குக் குடும்பத்தோடு ஓடிவந்தார்.

“இங்க கோழி கீழி இருக்கா அண்ணாச்சி?”

“ஒண்ணுகூட இல்லீங்க.” கந்தப்பன் பொய் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் அந்தோணிராஜ் உருகிப்போனார். “எம்மாம் பெரிய ஹாலு! சுத்தியும் கம்பி வலை, காத்து பிச்சுக்கிட்டு வருது. தண்ணிக் குழாயைக்கூடப் பிள்ளைங்க உயரத்துக்கே வச்சிருக்கீங்களே!”

“எல்லாம் ஒரு அக்கறைதானுங்க.”

அவர் நகர்ந்ததும் பழனாயி செல்போனோடு வந்து கணவன் காதைக் கடித்தாள். “ஏனுங்க, பீதி அடங்கிருச்சாமா. குஞ்சு வியாபாரி கூப்பிடறாரு. நம்ம கோழி ஷெட்டு காலியான்னு கேக்கறாருங்க.”

“காலி இல்லைன்னு சொல்லிரு. கோழிக்கு நாமதான் தீனி வாங்கிப் போடோணும். இந்த பேட்ச், தீனிக்கும் அதுகளே காசு குடுக்குது!”