நாற்பதில் நின்ற டீச்சர்

கணக்கு டீச்சர் நாற்பது கிலோவிலேயே நின்று இரண்டு மாதமாகிறது. ஜிம் பெஞ்சில் படுத்து, எடை மாட்டிய ராடை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவாள். ஒரு கிலோ கூடினாலும் ராடு மேலே ஏறாது.

கூடவே ஜிம்மில் சேர்ந்த கணவன் நாற்பத்தைந்து தூக்கினான். "உனக்கு அவ்வளவுதான் வரும், விட்டுடு," என்பான்.

"ஒரு கை பார்க்காம விடமாட்டேன்."

இன்று நாற்பத்திரண்டரை வைக்கச் சொன்னாள். ராடு இறங்கியது; ஏறும்போது பாதியில் நின்றது. கணவன் பிடிக்கக் குனிந்தான்.

"கையை எடுங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். ஏறிவிட்டது!

புதிதாக வந்த பயிற்சியாளர் கைதட்டினார். "பிரமாதம் மேடம், நாற்பத்தேழரை!"

"ராடையும் சேர்த்து நாற்பத்திரண்டரைதான் சார். என் ராடு பதினஞ்சு கிலோ, என் வீட்டுக்காரரோடது இருபது."

பயிற்சியாளர் இரண்டு ராடையும் பார்த்தார். "இல்லையே, மாறியிருக்கு. பதினஞ்சு கிலோ சின்ன ராடு உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு."

"அப்ப இவர் தூக்குறது நாற்பதுதானா? தினமும் ராடு எடுத்து வைக்கிறதே இவர்தான் சார்!"

கணவன் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடத் தொடங்கினான்.

டீச்சர் மறுபடி பெஞ்சில் படுத்தாள். "சின்னதை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு இது பழகிப்போச்சு. வாங்க, இன்னும் ரெண்டு கிலோ மாட்டுங்க!"