டயர் மாற்ற வந்த பெரியப்பா

விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குக் காரில் கிளம்பினோம். சின்னவள் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். பெரியவன் தன் செருப்பை ஜன்னல் வழியாகப் பறக்கவிட்டுக் கைதட்டினான். போதாக்குறைக்கு, லாரிகள் சீறிப் பாயும் நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது. ஒரு நட்டு இறுகிக் கிடந்தது. என் கணவர் ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தும் அசையவில்லை. வெயில் தாங்காமல் பிள்ளைகள் அழ, எனக்கும் அழுகை முட்டியது.

அப்போது அக்காவின் கணவர் சாலையோரமாக நடந்து வந்தார்.

"என்ன சகலை, நட்டோட மல்லுக்கட்டா?"

அதை ஒரே திருகில் கழற்றி, ஸ்டெப்னியையும் மாட்டிவிட்டார். "நீங்க போங்க, நான் வந்துடுறேன்" என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில், எதில் வந்தார் என்று கேட்கவே மறந்துபோனோம்.

அக்கா வீட்டில் அவர் கட்டிலில் படுத்திருந்தார். கால் முழுக்க மாவுக்கட்டு.

"போன வாரம் மாடிப்படியில வழுக்கிட்டார். சொன்னா நீங்க வராம இருந்துடுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள் அக்கா.

பிள்ளைகள் கட்டிலில் தாவி ஏறினார்கள். "பெரியப்பா, எங்களை முந்திட்டீங்களே!"

"உங்கப்பா ஆமை மாதிரி ஓட்டினா நான் என்ன பண்றது?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்கா எண்ணெயும் பழந்துணியுமாக உட்கார்ந்து அவர் கைகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கட்டிலை விட்டு இறங்காத மனுஷன் கையில எப்படித்தான் இவ்வளவு கிரீஸோ! போர்வையே பாழாப் போச்சு."

அவர் என் கணவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.